ஃபேஸ்லெஸ் கில்லர்ஸ்: இந்த வலாண்டரை எப்படித்தான் சகித்துக்கொள்கிறீர்கள்?

மைக்கூடு

கதையின் முடிவு வரைக்கும் பேசப்போகிறேன், படிக்காதவர்கள் இப்போதே திரும்பிவிடுங்கள்.

ஸ்வீடன் எழுத்தாளர் ஹென்னிங் மான்கெல் எழுதிய 'ஃபேஸ்லெஸ் கில்லர்ஸ்' நாவலை ஒருவழியாக முடித்தேன். இங்கே பாதிப் பேர் வலாண்டர் என்கிற போலீஸ்காரர் துப்பறியும் அந்த நாவல் வரிசையைத் தலையில் தூக்கிவைத்து ஆடுவதைப் பார்த்துத்தான் எடுத்தேன். தொடக்கம் அபாரம், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. 1990 ஜனவரி, ஸ்வீடனின் தென்கோடியில் ஒரு பண்ணை, விடிவதற்கு முன்பே பக்கத்து வீட்டுக் கிழவருக்கு விழிப்பு வந்துவிடுகிறது, ஏதோ சரியில்லை என்று படுகிறது, என்னவென்று யோசித்தால் வழக்கமாகக் கனைக்கும் குதிரை இன்றைக்குக் கனைக்கவில்லை. எழுந்து போய்ப் பார்த்தால் அடுத்த வீட்டு யொஹான்னஸ் லவ்கிரென் அடித்தே கொல்லப்பட்டுக் கிடக்கிறார், மனைவி மரியா கழுத்தில் சுருக்குக் கயிற்றோடு குற்றுயிராக. இரண்டு பேரும் எழுபதைத் தாண்டியவர்கள். இதையெல்லாம் செய்தவர்கள் போவதற்கு முன் குதிரைக்கு வைக்கோலும் போட்டிருக்கிறார்கள்! அந்த வைக்கோல் விஷயம் எனக்கு ரத்தத்தைவிட அதிகமாக வயிற்றைப் பிசைந்தது.

சரி, அப்புறம் வருகிறார் நம் நாயகன். 42 வயது. மனைவி மோனா விட்டுப்போய்விட்டாள், மகள் லிண்டா பேசுவதில்லை, அப்பாவைப் பார்க்கப் போகவே சலிப்பு, வாய்க்கு வந்ததைத் தின்று உடம்பு பெருத்து, இரவெல்லாம் குடித்து, ஆபரா பாடகி மரியா காலஸ் பாட்டைக் கேட்டுக்கொண்டு தன்னைத்தானே பரிதாபப்பட்டுக்கொண்டு இருக்கிறார். சக ஊழியர்களிடம் எரிந்து விழுகிறார், குடித்துவிட்டுக் கார் ஓட்டுகிறார், புதிதாக வந்த அரசு வழக்கறிஞரிடம் அத்துமீறுகிறார். இந்த ஆளோடு எதற்கு நான் முந்நூறு பக்கம் குடித்தனம் நடத்த வேண்டும்? பிடித்தவர்கள் காரணம் சொல்லுங்கள். 'யதார்த்தமான பாத்திரம்' என்று மட்டும் சொல்லாதீர்கள், அது காரணம் இல்லை.

பெட்டிக்கடை

பீட்சாவையும் பர்கரையும் விட்டுவிட்டீர்களே. அந்த மனிதரின் வயிற்றுக் கோளாறுக்கே தனி அத்தியாயம் போட்டிருக்கலாம் :)

விவாகரத்து, குடி, பேசாத மகள், பழைய இசைத்தட்டு. இது வட ஐரோப்பியத் துப்பறியும் கதைகளின் சீருடை ஆகிவிட்டது. யாருக்கு அளவெடுத்துத் தைத்தார்கள் என்பதே இப்போது மறந்துபோச்சு. நார்வேயின் ஹாரி ஹோலே வரைக்கும் ஒரே துணிதான்.

தேரடி

பெட்டிக்கடை சொல்வது பாதி சரி. வயிற்று வலியைத் தொடங்கிவைத்தது வலாண்டர் இல்லை, மார்ட்டின் பெக். அந்தப் போலீஸ்காரரை வைத்து மாய் ஷோவால், பேர் வாலூ என்ற ஸ்வீடன் ஜோடி 1965-லிருந்து 1975 வரை பத்து நாவல்கள் எழுதினார்கள், ஆளுக்கொரு அத்தியாயமாக. இருவரும் இடதுசாரிகள். நலவாழ்வு அரசு என்று உலகமே மெச்சிய ஸ்வீடனின் உள்ளே என்ன அழுகுகிறது என்று காட்டுவதற்குத்தான் போலீஸ் கதையைக் கையில் எடுத்தார்கள். ஆனால் பெக்கை யாரும் வெறுக்க முடியாது. எப்போதும் ஜலதோஷம், சோகம், யாரையும் புண்படுத்தாத மனிதர். அந்த வரிசையில் பிடிக்காத ஆள் வேண்டுமென்றால் குன்வால்ட் லார்சன் இருக்கிறார், முரட்டுப் பேர்வழி, அவரும்கூடப் போகப்போகப் பிடித்துவிடும்.

மைக்கூடு, உங்கள் கேள்விக்கு வருகிறேன். வலாண்டரை மட்டும் தனியாக எடுத்துவைத்துப் பார்த்தால் நீங்கள் சொல்வது அத்தனையும் உண்மை. அவரைக் கதை நடக்கும் வருடத்தோடு சேர்த்துப் பாருங்கள். மான்கெல் ஆப்பிரிக்காவில் நீண்ட காலம் இருந்துவிட்டு ஊர் திரும்புகிறார், ஸ்வீடனில் இனவெறி வளர்ந்திருப்பதைப் பார்க்கிறார், அதைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைக்கிறார். இனவெறியே ஒரு குற்றம், அப்படியானால் குற்றக்கதைதான் அதற்கு ஏற்ற வடிவம் என்று 1989-இல் முடிவுசெய்து, டெலிபோன் டைரக்டரியைப் புரட்டி வலாண்டர் என்ற பெயரை எடுத்தார். இதை அவரே பின்னால் 'தி பிரமிட்' என்ற வலாண்டர் கதைத் தொகுப்பின் முன்னுரையில் சொல்லியிருக்கிறார். அதாவது முதலில் வந்தது விஷயம், ஆள் அப்புறம்தான்.

அந்த வட்டாரத்தில் அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது? கதை நடக்கும் இஸ்டாட் நகரத்துக்குப் பக்கத்திலேயே ஷோபோ என்று ஒரு சிற்றூர். 1988 செப்டம்பரில் அங்கே அகதிகளை ஏற்றுக்கொள்ளலாமா வேண்டாமா என்று ஊர் வாக்கெடுப்பே நடத்தினார்கள். மூன்றில் இரண்டு பங்கு பேர் வேண்டாம் என்றார்கள். 1989 டிசம்பர் 13, ஸ்வீடன்காரர்கள் மெழுகுவத்தி ஏற்றிக் கொண்டாடும் லூசியா தினம், அன்றைக்கு அரசாங்கமே அகதி விதிகளை இறுக்கியது. அதற்கு நாலு வாரம் கழித்துத்தான் நாவலின் கொலை. மரியா லவ்கிரென் ஆஸ்பத்திரியில் சாகும்போது சொன்ன ஒரே சொல் 'வெளிநாட்டு'. அந்தச் சொல் போலீஸ் நிலையத்துக்குள்ளிருந்தே கசிந்து டிவிக்குப் போகிறது. அப்புறம் மிரட்டல் போன், அகதி முகாமுக்குத் தீ, ரோட்டில் நடந்துபோன சோமாலியர் ஒருவர் சுட்டுக் கொல்லப்படுகிறார். இந்த ஊருக்கு ஒரு உத்தமரைத் துப்பறிய அனுப்பியிருந்தால் வெறும் பிரசங்கமாகப் போயிருக்கும்.

மைக்கூடு

பின்னணி எல்லாம் நன்றாக இருக்கிறது, எனக்குத் தெரியாத விஷயம், நன்றி. ஆனாலும் உத்தமருக்கும் வலாண்டருக்கும் நடுவில் எத்தனையோ வகை மனிதர்கள் இருக்கிறார்களே. சாதாரணமான, எரிச்சல் மூட்டாத ஒரு போலீஸ்காரர் போதாதா? அவருடைய கூட்டாளி ரீட்பெரி அப்படித்தான் இருக்கிறார். மூட்டுவலியோடு நொண்டி நொண்டி வந்து கழுத்துக் கயிற்றின் முடிச்சை மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டு நிற்கிறாரே, அவரை நாயகனாக்கியிருக்கலாம். எனக்கு இந்தப் புத்தகத்தில் பிடித்த ஒரே ஆள்.

தேரடி

ரீட்பெரி அகதிகளை வெறுக்க மாட்டார். அங்கேதான் சிக்கல்.

அந்த இடத்தை மறுபடி படித்துப் பாருங்கள். விசாரணை தொடக்கத்திலேயே வலாண்டர் மனசுக்குள் ஒன்று நினைப்பார். கொலைகாரர்கள் அகதி முகாமில் இருப்பவர்களாகவே இருந்தால் நல்லது, யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம் என்கிற இந்தத் தளர்ந்த கொள்கைக்கு அதோடு ஒரு முடிவு வரும் என்று. இதை வெளியே சொல்லவும் மாட்டார். வெளியே, முகாமைக் காக்க ராத்திரி ராத்திரியாக ஆள் போடுவார், தீப்பிடித்தபோது தானே ஓடுவார், சோமாலியரைச் சுட்டவனை விடாமல் துரத்துவார். மகள் கென்யாக்காரப் பையனோடு பழகுவதைப் பார்த்ததும் அவர் முகம் போகிற போக்கையும் மான்கெல் மறைக்கவில்லை. கடமையைச் சரியாகச் செய்கிற ஒருவனுக்குள்ளும் அந்த விஷம் சொட்டுச் சொட்டாக இறங்கியிருக்கிறது. வாசகர் அவரை முழுதாக நேசித்துவிட்டால் இந்த இடத்தில் அவரோடு சேர்ந்து தலையாட்டிவிடுவார். அவர் மேல் நமக்கு ஒரு எரிச்சல் இருந்துகொண்டே இருப்பதால்தான் அங்கே நின்று 'என்ன சொன்னாய்?' என்று கேட்கிறோம்.

கோமதி

தேரடி அண்ணா, எழுதுவது அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் எல்லா அசிங்கத்தையும் அந்த ஒரே கணக்கில் எழுதிவிட முடியாது.

அனெட் புரோலின் விஷயத்துக்கு வாருங்கள். அவர் அரசு வழக்கறிஞர், திருமணமானவர், ஸ்டாக்ஹோமிலிருந்து தற்காலிகமாக வந்தவர், இதே வழக்கில் வலாண்டர் அறிக்கை கொடுக்க வேண்டிய அதிகாரி. குடிபோதையில் இவர் அத்துமீறுகிறார், மறுநாள் கூனிக்குறுகுகிறார். அந்தக் கூச்சம் பக்கம் பக்கமாக வருகிறது, எல்லாம் அவருடைய கூச்சம், அவருடைய தலைவலி, அவருடைய தனிமை. அவளுக்கு என்ன ஆயிற்று? அடுத்த நாள் அதே ஆளோடு ஒரே மேசையில் உட்கார்ந்து வழக்கு பேச வேண்டியவள் அவள். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வரி கிடையாது. அகதி வெறுப்பை ஆராய்வதற்காக ஆளைக் கசப்பாகப் படைத்தார் என்றால், இதை எதற்காக வைத்தார்? எனக்குத் தெரிந்து இதற்குப் பின்னால் திட்டம் எதுவும் இல்லை. தனிமையில் வாடும் ஆண் கொஞ்சம் தடுமாறுவான், பொறுத்துக்கொள்ள வேண்டும் என்கிற பழைய கதைதான்.

குடித்துவிட்டு ஓட்டியது வேறு. மால்மோவில் மோனாவைச் சந்தித்துவிட்டுத் திரும்பும்போது நடுராத்திரியில் சொந்த நிலையத்துக் காவலர்கள் பீட்டர்ஸும் நொரேனும் நிறுத்துகிறார்கள். ஆளைப் பார்த்ததும் சாவியை வாங்கி வீட்டில் கொண்டுபோய் விடுகிறார்கள், வழக்குக் கிடையாது. ஸ்வீடன் சட்டப்படியான ரத்த ஆல்கஹால் அளவை ஆயிரத்துக்கு 0.5-லிருந்து 0.2-ஆகக் குறைத்தது அதே 1990-இல்தான். அந்த அளவுக்கு இந்த விஷயத்தில் கெடுபிடியான நாடு. இந்தக் காட்சியை மட்டும் நான் ஒத்துக்கொள்கிறேன், நன்றாக எழுதப்பட்டது, ஏனென்றால் அந்த இரண்டு காவலர்களின் சங்கடம் நமக்குத் தெரிகிறது, சட்டம் ஆள் பார்த்து வளைகிறது என்பதும் தெரிகிறது. புரோலின் காட்சியில் அந்த இரண்டாவது கண் இல்லை.

பெட்டிக்கடை

கோமதி அக்கா சொன்னதற்கு மேல் நான் ஒன்றும் சேர்க்கப்போவதில்லை. ஓரமாக உட்கார்ந்துகொள்கிறேன்.

தேரடி

புரோலின் விஷயத்தில் வாதாட என்னிடம் ஒன்றும் இல்லை. முழுக்கதையும் வலாண்டரின் தோளுக்குப் பின்னால் நின்று சொல்லப்படுவதால் அவள் பக்கம் தெரியவில்லை என்று சொல்லலாம்தான், ஆனால் பீட்டர்ஸ், நொரேன் முகத்தை அதே தோளுக்குப் பின்னாலிருந்து காட்ட முடிந்ததே என்று நீங்கள் கேட்பீர்கள்.

கோமதி

கேட்டிருப்பேன்.

வெண்பனி

நான் டென்மார்க்கில் இருந்து எழுதுகிறேன். எங்கள் குடும்பம் எண்பதுகளின் கடைசியில் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தது, நான் அப்போது சின்னப் பிள்ளை. இஸ்டாட் எங்களுக்குத் தூரமில்லை, போர்ன்ஹோம் தீவுக்குப் போகிற கப்பல் அங்கிருந்துதான் வெளிக்கிடும்.

தேரடி 1988, 1989 ஸ்வீடனைப் பற்றி எழுதினதை வாசித்ததும் ஒன்று சொல்ல வேண்டும் போல இருந்தது. கடலுக்கு இந்தப் பக்கம் அதே காலத்தில் நடந்த கதைக்கு டெனிஷ் மொழியில் 'தமிழ்' என்றே பெயர்: தமில்சாகன், தமிழர் வழக்கு. 1987-இல் நீதி அமைச்சராக இருந்த எரிக் நின்-ஹான்சன், இலங்கைத் தமிழ் அகதிகளின் மனைவி பிள்ளைகளைக் கூப்பிடுகிற விண்ணப்பங்களைக் கிடப்பில் போடச் சொல்லி அதிகாரிகளுக்குச் சொல்லிவிட்டார். சட்டப்படி அவர்களுக்கு அந்த உரிமை இருந்தது. யாரும் முகாமுக்குத் தீ வைக்கவில்லை, துவக்கால் சுடவில்லை, கோப்பு மேசையில் அப்படியே கிடந்தது, அவ்வளவுதான். இங்கே தகப்பன், அங்கே போருக்குள் தாயும் பிள்ளைகளும். 1989-இல் பிரதமர் போல் ஷ்லூட்டர் பாராளுமன்றத்தில் எழும்பி, கம்பளத்துக்கு அடியில் எதையும் கூட்டித் தள்ளவில்லை என்றார். 1993 ஜனவரியில் விசாரணை அறிக்கை ஆறாயிரம் பக்கத்துக்கு மேல் வந்தது, அவர் பதவி விலகினார். 1995-இல் நின்-ஹான்சனுக்கு நாலு மாத ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை. அவர் ஒரு நாள்கூட உள்ளே இருக்கவில்லை.

அதனால் எனக்கு வலாண்டர் மேல் உங்கள் அளவுக்குக் கோபம் வரவில்லை. குடிவரவு அலுவலகத்துப் பெண்ணோடு அவர் சண்டை பிடிக்கிற இடம் இருக்கிறதே, எத்தனை பேர் முகாமில் இருக்கிறார்கள் என்று உங்களுக்கே கணக்குத் தெரியாதா என்று கத்துவார், எனக்கு அது நல்ல பரிச்சயமான குரல். அப்படிக் கத்தினவர்களில் சிலர் பிறகு எங்கள் வீட்டுக்கு மேசை நாற்காலி கொண்டுவந்து தந்திருக்கினம். கத்தாமல் சிரித்த முகத்தோடு 'பரிசீலனையில் இருக்கிறது' என்றவர்களைப் பற்றித்தான் எனக்கு ஒரு நாவல் வேண்டும்.

மைக்கூடு

வெண்பனி, இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. டென்மார்க் அரசாங்கம் ஒன்று தமிழர் பெயர்கொண்ட வழக்கில் விழுந்தது என்பதே எனக்குப் புதுச் செய்தி.

சரி, நீங்களே சொல்லுங்கள், முடிவைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்? கடைசியில் லவ்கிரென் தம்பதியைக் கொன்றவர்கள் வெளிநாட்டவர்களேதான். இனவெறிக்கு எதிராக எழுத உட்கார்ந்த ஒருவர், ஊர் முழுக்கக் கத்தியது சரிதான் என்று முடித்தால் அது எந்தக் கணக்கில் சேரும்?

வெண்பனி

எனக்கு அந்த முடிவு பிடித்தது. உள்ளூர்க்காரன்தான் செய்தான் என்று முடித்திருந்தால் எல்லாரும் நிம்மதியாகப் புத்தகத்தை மூடியிருப்பார்கள், பார், அகதிகள் நல்லவர்கள் என்று. எங்களுக்கு நல்லவர்கள் என்ற சான்றிதழ் தேவையில்லை. யாரோ இரண்டு பேர் செய்த கொலைக்கு ஒன்பது பிள்ளைகளின் தகப்பன், அந்தச் சோமாலியர், ஏன் சாக வேண்டும் என்ற கேள்வி, கொலைகாரர்கள் வெளிநாட்டவராக இருக்கும்போதுதான் முழுப் பாரத்தோடு நிற்கும். அவரைச் சுட்டவர்களில் ஒருவன் முன்னாள் போலீஸ்காரன் என்பதையும் மறக்காதீர்கள். மான்கெல் இரண்டு பக்கமும் கணக்கைச் சமப்படுத்தவில்லை.

தேரடி

அதோடு கொலைக்குக் காரணமான பணம் எங்கிருந்து வந்தது? சாதுவான ஏழை விவசாயி என்று ஊரே நம்பிய யொஹான்னஸ், இரண்டாம் உலகப்போர் காலத்தில் தப்பு வழியில் சேர்த்துப் பதுக்கியது. இன்னொரு ஊரில் ரகசியக் காதலியும் ஒரு பிள்ளையும் வேறு. மரியாவுக்கு இதில் எதுவும் தெரியாது. வெளியாளை அடையாளம் கண்டுபிடிக்கக் கிளம்பிய ஊருக்கு, தன் அடுத்த வீட்டுக்காரர் யாரென்றே தெரிந்திருக்கவில்லை.

நடுநிசி

தாமதமாக வந்துசேர்கிறேன். வலாண்டரைப் போய்ப் பிடிக்கவில்லை என்கிறீர்களே, நீங்கள் பெக்ஸ்ட்ரமைச் சந்திக்கவில்லை போலிருக்கிறது.

லெய்ஃப் ஜி. வி. பேர்ஷன் எழுதிய 'லிண்டா, ஆஸ் இன் தி லிண்டா மர்டர்', ஸ்வீடிஷில் 2005. எழுதியவர் குற்றவியல் பேராசிரியர், போலீஸ் நிர்வாகத்தோடு நெருங்கி வேலை பார்த்தவர், 1977-இல் நீதி அமைச்சர் சம்பந்தப்பட்ட விவகாரம் ஒன்றைப் பத்திரிகையாளருக்குச் சொல்லி வேலையை இழந்தவர், ஆக உள்விவரம் எல்லாம் அத்துப்படி. கொளுத்தும் கோடையில் வெக்ஷோ நகரத்தில் போலீஸ் பயிற்சி மாணவி ஒருத்தி கொலை. விசாரணைக்குத் தலைமை தாங்க ஸ்டாக்ஹோமிலிருந்து வருகிறார் எவர்ட் பெக்ஸ்ட்ரம். குள்ளம், குண்டு, சோம்பேறி, பெண்கள் மேல் இளக்காரம், வெளிநாட்டவர் மேல் வெறுப்பு, ஓரினச்சேர்க்கையாளர்கள் மேல் வெறுப்பு, செலவுக் கணக்கில் தில்லுமுல்லு, தன்னைத் தவிர எல்லாரும் முட்டாள். அவர் பாசம் காட்டும் ஒரே ஜீவன் எகான் என்கிற தங்கமீன். ஊரில் இருக்கும் ஆண்களையெல்லாம் வரிசையில் நிறுத்தி டிஎன்ஏ எடுக்கச் சொல்லிவிட்டு இவர் குளிர்ந்த பீரைத் தேடிப் போய்விடுவார். வேலையை மற்றவர்கள் முடிப்பார்கள்.

வலாண்டர் தப்புச் செய்தால் வருத்தப்படுவார், வாசகரிடம் கொஞ்சம் அனுதாபம் கேட்டு வாங்கிக்கொள்வார். பெக்ஸ்ட்ரமுக்கு வருத்தம் என்ற உறுப்பே கிடையாது. கோமதி சொன்ன பிரச்சினை அங்கே வராது, எழுதியவர் அவரைக் காப்பாற்ற ஒரு விரலைக்கூட அசைப்பதில்லை. சிரிப்பு வரும், சிரித்த மறு நொடி வாயை மூடிக்கொள்ளத் தோன்றும். அமெரிக்காக்காரர்கள் 2015-இல் இதைத் தொடராக எடுத்தார்கள், ஒரே சீசனோடு இழுத்து மூடிவிட்டார்கள்.

கோமதி

இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். பிடிக்காத ஆளைப் படைப்பதில் எனக்கு ஆட்சேபணையே இல்லை. கொலைகாரனைப் பற்றி முந்நூறு பக்கம் படிப்பேன். ஒருவன் கெட்டது செய்வதைக் காட்டிவிட்டுப் பின்னாலேயே ஓடிவந்து 'அவனுக்கும் மனசு இருக்கிறது' என்று போர்வை போர்த்துவதுதான் பிடிக்காது.

மைக்கூடு

பெக்ஸ்ட்ரமைக் குறித்துக்கொண்டேன், ஆனால் இப்போதைக்கு எனக்கு ஒரு நல்ல மனிதர் வேண்டும், அடுத்ததாக மார்ட்டின் பெக் பக்கம் போகலாம் என்று இருக்கிறேன்.

இன்னொரு விஷயம், வலாண்டரின் அப்பா. வாழ்நாள் முழுக்க ஒரே ஓவியம், அதே காடு, அதே பொழுது, சிலதில் ஒரு காட்டுக்கோழி உண்டு, சிலதில் இல்லை, வித்தியாசம் அவ்வளவுதான். ஒரு நாள் பைஜாமாவோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வயலில் நடந்துகொண்டிருப்பார், கேட்டால் இத்தாலிக்குப் போகிறேன் என்பார். மகன் போலீஸில் சேர்ந்ததை அவர் கடைசிவரை மன்னிக்கவே இல்லை. அந்தப் பகுதிகளில் மட்டும் வலாண்டர் மேல் என் கோபம் கொஞ்சம் இறங்கியது, ஏனென்றால் அங்கே அவர் பரிதாபம் தேடவில்லை, என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறார்.

பெட்டிக்கடை

ஒரு சந்தேகம். கடைசியில் வழக்கைத் தீர்த்தது யார்? ஆறு மாதத்துக்கு மேல் முட்டிமோதிவிட்டு, பாங்கில் கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்த பெண்ணின் ஞாபக சக்தியால்தானே கதை முடிகிறது? யொஹான்னஸ் பணம் எடுக்க வந்த அன்றைக்கு வரிசையில் யார் யார் நின்றார்கள் என்று புட்டுப்புட்டு வைக்கிறாள். அவளுக்குத்தான் சம்பளம் ஏற்றியிருக்க வேண்டும்.

தேரடி

அந்தப் பெண்ணைத் திரும்பப் போய்க் கேட்க வேண்டும் என்று தோன்றியது வலாண்டருக்குத்தானே. எல்லாரும் வேறு வழக்குகளுக்குப் போன பிறகும் இவர் மட்டும் அந்தப் பழைய கோப்பைப் புரட்டிக்கொண்டே இருப்பார். உண்மையான விசாரணை அப்படித்தான் போகும், முக்கால்வாசி காத்திருப்பு. 1992-இல் முதன்முதலாக 'கண்ணாடிச் சாவி' விருது கொடுக்கத் தொடங்கியபோது இந்த நாவலுக்குத்தான் கொடுத்தார்கள். நார்டிக் நாடுகளின் குற்றக்கதைகளுக்கான விருது.

படமாகப் பார்க்க நினைப்பவர்களுக்கு: ரோல்ஃப் லாஸ்கோர்ட், கிரிஸ்டர் ஹென்ரிக்சன், கென்னத் பிரானா என்று பல வலாண்டர்கள் உண்டு. மைக்கூடு சொன்ன எரிச்சல் அப்படியே வேண்டுமானால் லாஸ்கோர்ட். பிரானா பிபிசிக்காக நடித்தது, கண் கலங்கியபடியே இருப்பார், கோமதிக்கு ஆகாது.

கோமதி

வேண்டவே வேண்டாம். ஹென்ரிக்சன் தொடரில் லிண்டாவும் போலீஸ்காரியாக வருகிறாளாமே, அதைப் பார்க்கிறேன். அப்பாவை மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து பார்க்க ஒரு ஆள் கிடைத்த மாதிரி இருக்கும்.

வெண்பனி

அதில் முதல் தொகுதியைப் பாருங்கள், யுஹான்னா செல்ஸ்ட்ரம் லிண்டாவாக நடித்தது. தகப்பனோடு நல்லாகச் சண்டை பிடிப்பாள். ஸ்வீடிஷ் மொழியிலேயே எழுத்துக்களோடு பாருங்கள், ஆங்கிலக் குரல் போட்டது வேண்டாம்.